சாமியார் மாறினாலும் நிற்காத பாஸ்கா

நம் கத்தோலிக்கப் பங்குகளில், இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கா நாடகக் குழு எப்படி முடிந்துபோகும் என்பது அதில் ஒருமுறையாவது நின்றவர்களுக்குத் தெரியும். ஆர்வமுள்ள சாமியார் ஒருவர் வருவார், இளைஞர்களைத் திரட்டுவார், நான்கைந்து தவக்காலங்கள் அமர்க்களமாகப் போகும். பிறகு அவருக்கு மாற்றல் வரும். அடுத்து வருபவருக்கு நாடகத்தில் நாட்டமிருக்காது. உரோமைப் படைவீரர்களின் தகரக் கவசங்கள் கோயிலின் சக்ரீஸ்து அறைக்குப் பின்னால் துருப்பிடிக்கும். வசன நோட்டு யார் வீட்டில் என்று பத்து வருடம் கழித்துத் தேடுவார்கள்.

ஜெர்மனியின் தெற்கே, பவேரிய மலையடிவாரத்தில் இருக்கும் ஓபராமர்காவ் என்ற சிற்றூர் 1634இலிருந்து பாஸ்கா போட்டுவருகிறது. ஊரின் மக்கள்தொகை ஐயாயிரத்தைச் சற்றே தாண்டும். கடைசியாக 2022இல் ஆடினார்கள். ஏறக்குறைய 1,800 பேர் பங்கெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நாடகம் தொழில் அல்ல. மரச்சிற்பி, தச்சர், ஆசிரியர், விடுதிக்காரர், மாணவர் என்று ஆளுக்கொரு வேலை உண்டு. 'இறைவனின் அருள்' என்று சொல்லி இந்த நீண்ட ஓட்டத்தை விளக்கிவிடலாம்தான். ஆனால் வரலாற்றைப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. இந்த நாடகம் கோயிலில் பிறந்தது, கோயில் முற்றத்தில் வளர்ந்தது; ஆனால் அதன் சாவி ஒருநாளும் சாமியார் கையில் மட்டும் இருந்ததில்லை.

முப்பதாண்டுப் போர் நடந்த காலம். படைகளோடு கொள்ளைநோயும் ஊர் ஊராக நடந்தது. ஓபராமர்காவில் எல்லைக் காவல் போட்டு அந்நியரை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள். பக்கத்து எஷன்லோஹே என்ற ஊரில் கூலிவேலை பார்த்த காஸ்பர் ஷிஸ்லர் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தைப் பார்க்கக் காவலை ஏய்த்து வீடு சேர்ந்தார் என்றும், நோய் அவரோடு வந்தது என்றும் ஊர்க்குறிப்பு சொல்கிறது. எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1633இல் ஊரார் கூடி, பத்தாண்டுக்கு ஒருமுறை ஆண்டவரின் பாடுகளை நடித்துக்காட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள். அதன்பின் ஒருவரும் அந்த நோயால் சாகவில்லை என்பது மரபு. பங்கின் இறப்புப் பதிவேட்டைப் பார்த்த ஆய்வாளர்கள், சாவுகள் அந்த ஆண்டின் மார்ச்சில் உச்சத்தைத் தொட்டு, நேர்ச்சைக்கு முன்பே கோடையில் தணிந்துவிட்டதாகக் காட்டுகிறார்கள். நாடக வரலாற்றுக்கு இந்த வழக்கு அவ்வளவு முக்கியமில்லை. நேர்ந்துகொண்டது யார் என்பதுதான் முக்கியம். ஊர்க்குறிப்பு 'ஆறும் பன்னிரண்டும்' என்று ஊர் மன்றத்தைச் சொல்கிறது. சாமியாரோ ஒரு பக்த சபையோ தனியாகச் செய்த நேர்ச்சை அல்ல அது. ஊர் பட்ட கடன், ஊர்தான் அடைக்கவேண்டும்.

முதல் ஆட்டம் 1634இல் தூய ஆவி பெருவிழாவை, அதாவது பெந்தகோஸ்தை, ஒட்டி நடந்தது. கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், நோயில் மாண்டவர்களின் புதைகுழிகளுக்கு மேலேயே மேடை போட்டார்கள். பாடுகளின் நாடகத்தை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் போடாமல் ஈஸ்டருக்குப் பிந்தைய பெந்தகோஸ்துக்கு ஏன் தள்ளினார்கள் என்று நம்மவர்களுக்குத் தோன்றும். 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர் அது. மார்ச்சில் பனி கிடக்கும் இடத்தில் திறந்தவெளியில் ஆடமுடியாது. இன்றும் மே நடுவில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடிக்கிறார்கள். 1680இலிருந்து பூஜ்யத்தில் முடியும் ஆண்டுகளுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

வசனத்தின் கதை தனி. கையில் கிடைக்கும் மிகப் பழைய பிரதி 1662ஆம் ஆண்டினது. அது புதிதாக எழுதப்பட்டதல்ல. ஆக்ஸ்பர்க் நகரத்தில் வழங்கிய இரண்டு பழைய பாஸ்கா நாடகங்களை வெட்டி ஒட்டியது. ஒன்று 15ஆம் நூற்றாண்டு மடத்துப் பிரதி, மற்றது 16ஆம் நூற்றாண்டில் செபாஸ்டியான் வில்ட் என்ற பாடற்புலவர் எழுதியது. உலகெங்கும் கோயில் நாடகக் குழுக்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. பக்கத்து ஊர்ப் பிரதியை வாங்கி, நம் ஆட்களுக்கு ஏற்பக் குறைத்து, கூட்டி ஆடுவது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு அருகிலிருந்த எட்டால் மடத்துத் துறவிகள் கைவைத்தார்கள். 1750இல் ஃபெர்டினாண்ட் ரோஸ்னர் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி முழுதும் செய்யுளில் ஒரு பெரிய நாடகம் எழுதிக்கொடுத்தார். அதில் நரகமும் பேய்களும் உருவகப் பாத்திரங்களும் மேடையேறின; மக்களுக்குப் பிடித்தது. அரசுக்குப் பிடிக்கவில்லை. 1770இல் பவேரிய ஆட்சியாளர் பாஸ்கா நாடகங்களை நாடெங்கும் தடைசெய்தார். இவ்வளவு புனிதமான பொருள் மேடைக்கு ஏற்றதல்ல என்பது வாதம். அந்தத் தடையில் எத்தனையோ ஊர்களின் பாஸ்கா நின்றுபோனது. ஓபராமர்காவ் மட்டும் தலைநகருக்கு ஆள்மேல் ஆளனுப்பி, நேர்ச்சையைச் சொல்லி வாதாடி, 1780இல் வசனத்தைச் சுருக்கி ஆட அனுமதி வாங்கியது. 1803இல் எட்டால் மடமே கலைக்கப்பட்டது. 1810இல் மறுபடி தடை. 1811இல் ஒரு புதிய பிரதியோடு போய் நின்றார்கள்: மடம் கலைந்தபின் பங்குப் பணியாற்றிய ஒத்மார் வைஸ் எழுதியது. பேய்களை வெளியேற்றி, செய்யுளை உரைநடையாக்கி, நற்செய்தி நூல்களை ஒட்டி எழுதியிருந்தார். அனுமதி கிடைத்தது.

ஒவ்வொரு முறையும் இதே கணக்குதான். 'ஆடுவோம்' என்று மட்டுமே நேர்ந்தார்கள். எந்த வசனத்தை, எந்த உடையில், எந்த மேடையில் என்று நேரவில்லை. அந்த இடைவெளிதான் அவர்களைக் காப்பாற்றியது. ஒரு குறிப்பிட்ட பிரதிதான் நேர்ச்சை என்று பிடிவாதம் பிடித்திருந்தால் 1770இலேயே கதை முடிந்திருக்கும்.

இசை உள்ளூர்க்காரருடையது. ரோகுஸ் டெட்லர் என்ற ஊர்ப் பள்ளி ஆசிரியர், வைஸின் பிரதிக்கு இசையமைத்தார். பிற்காலத்தார் விரித்தும் திருத்தியும் இன்றுவரை அதைத்தான் அடித்தளமாக வைத்திருக்கிறார்கள். பாடகர் குழு மேடையில் நின்று பாடும்போது பின்னால் திரை விலகி 'உயிர்ப்படங்கள்' தெரியும். பழைய ஏற்பாட்டுக் காட்சி ஒன்றை ஆட்கள் சிலைபோல் அசையாமல் நின்று காட்டுவது அது. சகோதரர்கள் விற்ற யோசேப்பு, செங்கடலைக் கடந்தது, வெண்கலப் பாம்பு என்று அடுத்து வரும் பாடுகளின் காட்சிக்கு இணையான ஒன்றைத் தேர்ந்திருப்பார்கள். நம் ஊர்களில் பள்ளி ஆண்டுவிழாவுக்கு இப்படி ஒரு காட்சி வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். தூக்கிய கை ஒரு நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும். அதனால் தூக்கும் கைக்குப் பக்கத்து ஆளின் தோளோ ஒரு கம்போ முட்டாக இருக்கவேண்டும். எடை இரண்டு காலிலும் பரவவேண்டும். பார்வை ஒரு புள்ளியில் நிலைக்கவேண்டும். சிறு பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைக்கவேண்டும், நிற்கவைக்கக்கூடாது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பங்குத்தந்தை யோசப் அலோய்ஸ் டைசன்பெர்கர் வைஸின் பிரதியைத் திருத்தினார். அவர் வைஸிடம் படித்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே ஊரில் இருந்தார், ஊர் வரலாற்றை எழுதினார், நடிகர்களைப் பழக்கினார். சாமியார் ஒருவர் குழுவுக்கு என்ன செய்யமுடியும் என்பதற்கு அவர்தான் எடுத்துக்காட்டு. அவர் போனபிறகும் நாடகம் தொடர்ந்தது என்பதைத்தான் நான் அவருடைய பெரிய சாதனையாகச் சொல்வேன்.

1870 ஆட்டம் பிரான்சோடு போர் மூண்டதால் பாதியில் நின்றது. நடிகர்கள் பலர் படைக்கு அழைக்கப்பட்டார்கள். இயேசுவாக நடித்த யோசப் மாயர் படையில் இருந்தபோதும் தலைமுடியை வெட்டாமல் வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். 1871இல் மீதி ஆட்டங்களை முடித்தார்கள். அந்த ஆண்டு மன்னர் இரண்டாம் லூட்விக் தனக்கென்று ஒரு தனி ஆட்டம் கேட்டுப் பார்த்தார். முக்கிய நடிகர்களுக்கு வெள்ளிக் கரண்டியும், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசாக நடித்தவருக்கு மட்டும் தகரக் கரண்டியும் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். ஊருக்கு அவர் அன்பளிப்பாக அனுப்பிய சிலுவைக் கற்சிலைத் தொகுதி 1875இல் வந்தது. எட்டால் மலையேற்றத்தில் அதை இழுத்து வரும்போது ஒரு சிலை சரிந்து கல்தச்சரும் உதவியாளும் இறந்துபோனார்கள்.

மேடை 1830இல் கல்லறைத் தோட்டத்தைவிட்டு ஊரோரப் புல்வெளிக்கு மாறியது. இன்றுவரை அதே இடம்தான். 1900இல் பார்வையாளர்களுக்கு ஆறு பெரிய இரும்பு வளைவுகள் தாங்கும் கூரை எழுப்பினார்கள். ஏறத்தாழ 4,000 பேர் மழை படாமல் உட்காரலாம். மேடைக்குக் கூரை போடவில்லை. பின்னால் மலை தெரியவேண்டும் என்பதற்காக. அழகான முடிவு, நடிகர்களுக்குக் கொடுமையான முடிவு. மலைநாட்டு மழை மே மாதத்திலும் பனியாகக் கொட்டும். எருசலேம் மக்கள் நனைந்துகொண்டே 'ஓசன்னா' பாடுவார்கள். 2000க்கு முன் நடந்த பெரிய சீரமைப்பில் பார்வையாளர் பகுதியின் தரைக்கு அடியில் சூடேற்றும் வசதி வந்தது. 2010க்கு மேடைக்கு மேல் இழுத்து மூடும் நகரும் கூரை வந்தது. அந்த ஆண்டுதான் நாடகத்தைக் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றினார்கள்: முதல் பாதி பிற்பகலில், நடுவில் மூன்று மணிநேர உணவு இடைவேளை, இரண்டாம் பாதி இருட்டில். இயேசு இரவில் கைதாகும் கெத்சமனித் தோட்டக் காட்சியை நடுப்பகல் வெயிலில் ஆடுவது இயக்குநருக்கு நெடுநாளாக உறுத்தியது. விடுதிக்காரர்கள் உட்பட ஊரில் பலர் எதிர்த்தார்கள். ஊர் வாக்கெடுப்பு நடத்தித்தான் மாற்ற முடிந்தது. ஒளியமைப்புக்கு ஊரே ஓட்டுப்போட்ட நாடகக் குழு வேறெங்கும் இருக்குமா தெரியாது.

சிலுவையைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் பாஸ்காக்களில் அதிகம் தவறுவது அங்கேதான். ஆளைக் கயிற்றில் கட்டித் தூக்கினால் சில நிமிடங்களில் மணிக்கட்டு மரத்துப்போகும். கைகள் மேலே, உடல் எடை கீழே என்று தொங்கும்போது மூச்சு முட்டும், மயக்கம் வரும். ஓபராமர்காவில் இயேசு இருபது நிமிடம்போலச் சிலுவையில் இருக்கிறார். எடையைக் கைகள் சுமப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் உடைக்குள் இறுக்கிய கச்சையை முதுகுப்பக்கம் சிலுவையில் கொக்கி மாட்டினார்கள். இன்று மலையேறுபவர்கள் அணியும் இடுப்புப் பட்டையை இடுப்புத் துணிக்குள் மறைக்கிறார்கள். கைகளை ஆணிகள் பிடித்திருப்பதுபோல் தெரியும். உண்மையில் விரல்கள்தான் ஆணியைப் பிடித்திருக்கும். கால்களுக்குக் கீழே ஒரு சிறு மரக்கட்டை இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சிலுவையை நிமிர்த்தும்போது அடிக்கட்டை குழிக்குள் திடுமென்று இறங்கினால் நடிகரின் கழுத்து அடிவாங்கும். குழியின் ஓரத்தைச் சரிவாகச் செதுக்கி, பின்னால் இரண்டு பேர் கயிற்றைத் தளர்த்தித் தளர்த்தி விடவேண்டும். ஒத்திகையில் முதலில் மணல்மூட்டை கட்டித் தூக்கிப் பார்ப்பது நல்லது.

பொய்முடியும் ஒட்டுத்தாடியும் அங்கே கிடையாது. ஆட்டத்துக்கு முந்தைய ஆண்டில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று ஊராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டும்: நாடகத்தில் இருக்கும் ஆண்களும் பெண்களும் அன்றிலிருந்து முடி வெட்டக்கூடாது, ஆண்கள் தாடி எடுக்கக்கூடாது. உரோமையர்களாக நடிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. ஒன்றேகால் ஆண்டு வளர்ந்த முடியோடு தபால்காரரும் தச்சரும் தெருவில் நடப்பார்கள். 2020 ஆட்டத்துக்கு வளர்த்த முடிதான் வீணானது. மார்ச் 19 அன்று கொரோனாவால் இரண்டு ஆண்டு தள்ளிவைப்பதாக அறிவித்ததும் கத்தரிக்கு வேலை வந்தது. 2021 சாம்பல் புதனிலிருந்து மறுபடி வளர்த்தார்கள். இந்த வழக்கத்தில் பக்தியைவிடத் தொழில்நுட்பக் காரணம் எனக்கு அதிகம் தெரிகிறது. வியர்வையிலும் மழையிலும் ஐந்து மணிநேரம் நிற்கும் நாடகத்தில் ஒட்டுத்தாடி முதல் பாதியிலேயே ஒரு பக்கம் உரிந்து தொங்கும். துயரக் காட்சியில் கூட்டம் சிரித்துவிட்டால் அன்றைய ஆட்டம் போயிற்று.

முக்கியப் பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு பேர். இரண்டு இயேசு, இரண்டு மரியா, இரண்டு பிலாத்து. ஒரு பருவத்தில் நூறுக்கு மேல் ஆட்டங்கள், வாரத்துக்கு ஐந்து நாள். தொழிலை வைத்துக்கொண்டு ஒருவர் எல்லாவற்றையும் ஆடமுடியாது. முதல் ஆள், மாற்று ஆள் என்ற பேதம் இல்லை, முறைவைத்து மாறுவார்கள். நம் குழுக்களுக்கு இதில் ஓர் இலாபம் உண்டு. கடைசி வாரத்தில் இயேசுவுக்குக் காய்ச்சல் வந்தால் சாமியார் நோட்டைப் பார்த்து வசனம் படிக்கும் நிலை வராது.

யார் நடிக்கலாம் என்பதற்கு விதி எளிது: அந்த ஊரில் பிறந்திருக்கவேண்டும், அல்லது இருபது ஆண்டு அங்கே வாழ்ந்திருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு இந்தக் கெடு இல்லை. தேர்வு முடிந்ததும் பெயர்களை ஊர் நடுவில் கரும்பலகையில் சாக்கட்டியால் ஒவ்வொன்றாக எழுதுவார்கள்; கூட்டம் நின்று பார்க்கும். 2020க்கான பெயர்கள் எழுதப்பட்டது 2018 அக்டோபர் 20. விதி எளிதாக இருந்தாலும் அதற்குள் ஒளிந்திருந்த விதிகள் கொடுமையானவை. 1990 வரை திருமணமான பெண்களும் 35 வயதைத் தாண்டிய பெண்களும் மேடையேறக் கூடாது. ஆண்களுக்கு அப்படி எதுவுமில்லை. ஊர்ப் பெண்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள், வென்றார்கள். ஊர் தானாக மனமிறங்கவில்லை என்பதை இங்கே சொல்லியே ஆகவேண்டும். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு முக்கியப் பாத்திரங்கள் திறந்ததும் அந்தக் காலகட்டத்திலிருந்துதான். 2022இல் யூதாசாக நடித்த இருவரில் ஒருவர் செங்கிஸ் கோரூர், துணை இயக்குநர் அப்துல்லா காரஜா. இருவரும் துருக்கியிலிருந்து வந்து குடியேறிய இஸ்லாமியக் குடும்பங்களின் பிள்ளைகள், ஊரின் பிள்ளைகள்.

எல்லாவற்றையும்விட இருண்ட பக்கம் யூதர்களைக் காட்டிய விதம். தலைமைக் குரு கயபாவும் மற்றக் குருக்களும் கொடியவர்கள், கூட்டம் முழுவதும் இரத்தவெறி பிடித்தது, உரோமை ஆளுநர் பிலாத்து, பாவம், கையைக் கழுவியவர் என்று நாடகம் நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தது. நாடகத்தின் 300ஆம் ஆண்டைக் கொண்டாட 1934இல் சிறப்புப் பருவம் நடந்தபோது ஹிட்லர் வந்து பார்த்தார், பாராட்டினார். அப்போது இயேசுவாக நடித்த அலோய்ஸ் லாங் நாஜிக் கட்சி உறுப்பினர். போருக்குப் பின் 1950இல் ஏறத்தாழ எதுவும் மாறாமல் அதே பிரதி மேடையேறியது. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இயேசுவின் மரணப் பழியை யூத இனத்தின்மேல் சுமத்தக்கூடாது என்று தெளிவாகச் சொன்னபிறகும் ஊர் இழுத்தடித்தது. 1970இல் அமெரிக்க யூத அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைத்தன. 1977இல் ஊர்ச் சிற்பி ஹான்ஸ் ஷ்வைக்ஹோஃபர், யூதர்களுக்குப் பதில் பேய்களே பகைவர்களாக வரும் ரோஸ்னரின் பழைய பிரதியை முன்னோட்டமாக மேடையேற்றினார். நல்ல யோசனை. ஊராட்சித் தேர்தல் வந்தது, பழமைவாதிகள் வென்றார்கள், 1980இல் டைசன்பெர்கரின் பிரதியே திரும்பியது. நாடகம் ஊருடையது என்பதன் மறுபக்கம் இது: ஊருக்குப் பிடிவாதம் வந்தால் தட்டிக்கேட்க மேலே ஆளில்லை.

மாற்றம் உள்ளூர்க்காரர் ஒருவர் வழியாகத்தான் வந்தது. மரச்சிற்பம் பயின்ற, விடுதிக்காரர் மகனான கிறிஸ்டியான் ஷ்டூக்கெல் 1990 ஆட்டத்தை இயக்கியபோது முப்பது வயது ஆகவில்லை. 2000, 2010, 2022 ஆட்டங்களையும் அவரே இயக்கினார். 'இவருடைய இரத்தம் எங்கள்மேல்' என்ற கூட்டத்தின் கூக்குரலை 2000இல் நீக்கினார்கள். இயேசுவை யூத ஆசிரியராகவே காட்டினார்கள். குருக்களின் சபையில் அவருக்காக வாதாடும் குரல்களைச் சேர்த்தார்கள். பிலாத்து கொடிய ஆளுநராக ஆனார். 2010இல் இயேசு யூதரின் மறைநூலான தோராவின் சுருளை உயர்த்த, கூட்டம் முழுவதும் எபிரேயத்தில் யூதரின் நம்பிக்கை அறிக்கையைப் பாடியது. முக்கிய நடிகர்களை நாடகத்துக்கு முன் இஸ்ரேலுக்கு அழைத்துப்போகும் வழக்கமும் அவர் காலத்தில் வந்தது. தவக்காலத்தில் நாம் போடும் பாஸ்காக்களில் 'சிலுவையில் அறையும்!' என்று கத்தும் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். அந்த வசனங்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை.

நம் பக்கத்துக்கும் இந்த ஊருக்கும் நேரடியாக ஓர் இழை உண்டு. இலங்கையின் மேற்குக் கரையில், வென்னப்புவ அருகே போரலெஸ்ஸ என்ற சிங்களக் கத்தோலிக்க ஊரில் லாரன்ஸ் பெரேரா 1923இல் தொடங்கிய பாஸ்காவுக்கு முன்மாதிரி ஓபராமர்காவ்தான். அதுவரை அந்தக் கரையில் பாடுகளைச் சிலைகளை வைத்தே காட்டினார்கள். அவர் உயிருள்ள ஆட்களை நிறுத்தினார், பிற்பாடு பெண்களையும். அங்கேயும் சிக்கல் பெண்கள் மேடையேறியதில்தான் வந்தது, திருச்சபை மேலிடம் ஏற்கவில்லை.

பத்தாண்டுக்கு ஒருமுறைதான் ஆட்டம் என்றால் நடுவில் நடிகர்கள் என்ன செய்வார்கள்? இதற்கு விடை இல்லாமல் எந்தக் குழுவும் நிலைக்காது. ஓபராமர்காவ் ஒவ்வொரு பாஸ்காவுக்கும் முந்தைய ஆண்டு, 1633இன் கொள்ளைநோயையும் நேர்ச்சையையும் பற்றிய தனி நாடகம் ஒன்றைப் போடுகிறது. புது முகங்களை அதில் சோதிப்பார்கள், குரலும் உடலும் பெரிய மேடைக்குப் பழகும். ஷ்டூக்கெல் காலத்தில் இடைப்பட்ட கோடைகளிலும் விவிலியக் கதைகள், இசை நாடகங்கள் என்று அதே மேடையில் தொடர்ந்து ஆடினார்கள். கூட்டக் காட்சியில் ஓலைக் கிளையோடு ஓடும் ஐந்து வயதுப் பிள்ளை பதினைந்தில் பாடகர் குழுவில் நிற்கும், இருபத்தைந்தில் சீடராகும், ஐம்பதில் கயபாவாகும். ஒரு பாத்திரத்தை அப்பாவும் மகனும் வெவ்வேறு பத்தாண்டுகளில் ஆடுவது அங்கே சாதாரணம். வசனம் நோட்டில் மட்டும் இருந்ததில்லை.